மூட்டையில் வந்த சட்டை

யாரோ உடுத்திக் கழித்த துணி வெளிநாட்டிலிருந்து கப்பலேறி இந்த நாட்டுக்குள் நுழைய வேண்டுமானால், அது மூன்று இடத்தில் வெட்டு வாங்கியாக வேண்டும். நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று, தோளில் ஒன்று. வெட்டுப்பட்ட பிறகு அதற்குப் பெயர் சட்டை இல்லை, கந்தல். கந்தலை நூற்பாலைக்காரன் வாங்கிப் பிய்த்து மறுபடி பஞ்சாக்கிக்கொள்ளலாம். சந்தையில் போட்டுக் கூவி விற்க முடியாது. பணக்கார நாட்டுக்காரன் கழற்றிப் போட்டதை எடைபோட்டு வாங்கிவந்து நம் ஊரில் கொட்டி விற்றால், இங்கே தறி ஓட்டுகிறவன் என்னத்தைத் தின்பான்? அதனால்தான் அந்த வெட்டு.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்க மதிப்பீட்டு அலுவலராக இருந்த கிளாடிஸ் மோத்தாவுக்கு அந்தச் சட்டத்தின் மேல் முழு நம்பிக்கை. இரக்கப்பட்டு ஒரு கோட்டை அவள் தாண்டியதாக யாரும் சொல்லிவிட முடியாது. சொந்த அண்ணன் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய கோட்டு ஒன்றையே வெட்டிக் கையில் கொடுத்தவள் என்று ஆபீசில் ஒரு கதை உண்டு. அது பொய். ஆனால் கேட்ட யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் துணியிலிருந்து ஒரு நூலை உருவி, கொளுத்தி, முகர்ந்து பார்த்துத்தான் இது பருத்தியா பாலியெஸ்டரா என்று சொல்ல வேண்டும். இப்போது அதற்கெல்லாம் ஓர் இயந்திரம் வந்துவிட்டது. துணியை அதன் வயிற்றுக்குள் தள்ளினால் இழை என்ன, நெய்ததா பின்னியதா, ஆணுக்கா பெண்ணுக்கா, புதியதா உடுத்தியதா, எந்த வகையில் சேரும், எத்தனை சதவீதம் வரி என்று எல்லாவற்றையும் கண்ணிமைப்பதற்குள் சொல்லிவிடும். ஆபீசில் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பட்டப்பெயர். கணக்குப்பிள்ளை சொன்னதை யாராவது எதிர்த்துக் கேட்டால் மட்டும் விஷயம் கிளாடிஸின் மேசைக்கு வரும்.

அப்படித்தான் ஜொஹரா வந்தாள். சிட்டகாங்கிலிருந்து கொழும்பு வழியாக அவள் பெயருக்கு ஒரு சாக்கு மூட்டை வந்திருந்தது. அதற்குள் முப்பது பருத்திச் சட்டைகள். கணக்குப்பிள்ளையின் தீர்ப்பு: உடுத்தியவை, மூட்டையில் வந்தவை, வெட்டி விடுவிக்கவும்.

காயல்பட்டினத்தில் பக்கவாதம் வந்தவர்களுக்காக ஒரு சின்ன நிலையம் நடத்துபவள் ஜொஹரா. முப்பது வயது இருக்கும். பேசப் பேச முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

"மேடம், அதை வெட்டிட்டா அதுல ஒண்ணுமே இருக்காது. இது சாதாரணப் பஞ்சு இல்ல. செடியிலயே மாத்தி வளர்த்த பஞ்சு. ஒருத்தவங்க ஒரு வருசம் உடுத்தினா, அவங்க நடக்கிறது, குனியிறது, படி ஏறுறது எல்லாத்தையும் இழை பழகிக்கும். அப்புறம் கை கால் விழுந்தவங்களுக்குப் போட்டுவிட்டா, சட்டை அந்தந்த நேரத்துல இறுக்கியும் தளத்தியும் உடம்புக்கு ஞாபகப்படுத்தும்."

"சட்டை எப்படி நடக்க வைக்கும்? காலுக்குல்லா வைத்தியம் வேணும்?"

"நடை காலுல ஆரம்பிக்கல மேடம். இடுப்புலயும் தோளுலயும்தான் ஆரம்பிக்குது. சட்டை வழி மட்டும்தான் காட்டும். நடக்க வேண்டியது அவங்கதான்."

"அப்ப புதுச் சட்டையா வாங்கிட்டு வரலாமே. பாதி தொல்லை தீரும்."

"புதுசுல ஒண்ணுமே பதிஞ்சிருக்காதே. உடுத்தினாத்தான் அது மருந்து. ஒரே இழையா சட்டை முழுக்க ஓடுது. ஒரு இடத்துல வெட்டு விழுந்தாலும் மொத்தமும் மறந்துரும்."

கிளாடிஸுக்கு நம்பிக்கை வரவில்லை. மூட்டையை அவிழ்த்து மேலாக இருந்த சட்டையை எடுத்தாள். வெளுத்த நீலம். காலர் மடிப்பில் தேய்மானம், முழங்கையில் லேசான நைவு. எந்தக் குருடனும் சொல்வான், இது உடுத்திய சட்டை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு கையை மட்டும் அதன் கைக்குள் நுழைத்துப் பார்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. மேசைப் பக்கம் நகர ஓர் அடி எடுத்துவைத்ததும் முழங்கைக்குக் கீழே யாரோ பதமாகப் பிடித்தார்கள். கோயில் படியேறும்போது பக்கத்தில் வருகிறவர்கள் பிடிப்பார்களே, அந்த மாதிரிப் பிடி. கிளாடிஸ் சட்டென்று கையை உருவிக்கொண்டாள்.

"இதை உடுத்தினது யாரு?" என்று கேட்டாள்.

"அங்க கார்மெண்ட்ஸ்ல தைச்சுக்கிட்டு இருந்த பொம்பளைங்க. தைக்கிற வேலைக்கு மெஷின் வந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிருச்சுல்ல? இப்ப அவங்களுக்கு உடுத்துறதுதான் வேலை. ஒரு சட்டைக்கு ஒரு வருசம். வருச முடிவுல கம்பெனி கூலி கொடுக்கும்."

சட்டை தைத்துப் பிழைத்தவர்கள் இப்போது சட்டை உடுத்திப் பிழைக்கிறார்கள். இதை நல்லது என்பதா கெட்டது என்பதா என்று கிளாடிஸுக்குத் தெரியவில்லை. சங்கடமாக மட்டும் இருந்தது.

"மருத்துவக் கருவின்னு காட்டியிருக்கலாமே?"

"அதுக்கு டெல்லியில சான்று வாங்கணும். ஒண்ணரை வருசம் ஆவும்னு சொல்றாங்க. மத்தவங்க காத்திருப்பாங்க மேடம். மாடத்தி அக்காவால முடியாது."

மாடத்தி உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை பார்த்தவள். கோடையில் ஒரு நாள் பாத்தியிலேயே விழுந்தாள். இடது கையும் இடது காலும் அன்றோடு நின்றுவிட்டன. முப்பத்திரண்டு வயது. இரண்டு வயது தாண்டாத ஒரு பெண் குழந்தை.

"அடிபட்ட நரம்பு கொஞ்ச நாளைக்கு வேற வழி தேடிக்கிட்டே இருக்கும்" என்றாள் ஜொஹரா. "ஆறு மாசம் வரைக்கும். அதுக்குள்ள வழி கிடைக்கலன்னா தேடுறதையே விட்டுரும். அக்காவுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. அவங்க உசரத்துக்கும் உடம்புவாகுக்கும் ஏத்த ஒரே ஒரு சட்டைதான் இந்த மூட்டையில இருக்கு மேடம்."

கிளாடிஸ் எழுந்து உதவி ஆணையர் இளங்குமரனின் அறைக்குப் போனாள். இளங்குமரன் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு கதவைத் திறந்தால் அதன் வழியாக எத்தனை திருடன் வருவான் என்று எண்ணிப் பார்க்கிற வேலை அவருடையது.

"நீங்களா இப்படிக் கேக்கிறீங்க?" என்றார். "இன்னைக்கு இந்த முப்பது சட்டையை விடுங்க. நாளைக்கே கன்டெய்னர் கன்டெய்னரா பழந்துணி வந்து இறங்கும். கேட்டா எல்லாமே மருந்துச் சட்டைம்பான். எதுல மருந்து இருக்கு, எதுல அழுக்கு இருக்குன்னு நாம ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கிளாடிஸை அதிகமாக வாட்டியது. தப்பான ஆளோடு சண்டை போடுவது சுலபம். சரியாகப் பேசுகிற ஆளிடம் என்ன செய்வது? மேசைக்குத் திரும்பி, மனப்பாடமாகத் தெரிந்த சட்டத்தை முதன்முதலாகப் படிப்பவளைப் போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். ஜொஹரா எதிரில் உட்கார்ந்து, குடிக்க மறந்த டீயைக் கையில் வைத்திருந்தாள்.

படித்து முடித்துக் கிளாடிஸ் தலை நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இருந்தது.

"இந்தச் சட்டைங்களை மூட்டை கட்டச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றாள் ஜொஹரா மெதுவாக. "கம்பெனிக்காரங்க ஒவ்வொண்ணையும் தனித்தனி அட்டைப் பெட்டியில வச்சு, நோயாளி பேரெல்லாம் எழுதி ரெடியா வச்சிருந்தாங்க. பெட்டி எடத்தை அடைக்கும், கப்பல் கூலி கூடும்னு நான்தான் எல்லாத்தையும் பிரிச்சு ஒரே சாக்குல போட்டு அனுப்பச் சொன்னேன். துணிதானே, நசுங்குனா என்னன்னு நினைச்சேன்."

"ஆனையை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பாத்திருக்கீங்க" என்றாள் கிளாடிஸ். "பழந்துணின்னு சட்டம் எதைச் சொல்லுது தெரியுமா? ரெண்டு அடையாளம் வேணும். ஒண்ணு, உடுத்தின தேய்மானம் கண்ணுக்குத் தெரியணும். ரெண்டு, மூட்டையாவோ இறுக்கிக் கட்டின பேலாவோ மொத்தமா வந்திருக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் வெட்டு. தனித்தனிப் பெட்டியில வந்திருந்தா, எவ்வளவு தேஞ்சிருந்தாலும் அது சட்டைதான். சட்டைக்கு உள்ள வரியைக் கட்டிட்டு எடுத்துட்டுப் போயிருக்கலாம்."

ஜொஹராவின் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. மாடத்தியின் காலை ஒரு சாக்குக்கு விற்றுவிட்டோமே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கண் கலங்கியது.

"இப்ப பெட்டி வாங்கிட்டு வரட்டா மேடம்? இங்கயே ஒவ்வொண்ணா வச்சுத் தாறேன்."

"அது ஏமாத்து. கரைக்கு எந்தக் கோலத்துல வந்துச்சோ அந்தக் கோலத்துலதான் நாங்க பாக்கணும்." கிளாடிஸ் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். "கொழும்புல உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

காயல்பட்டினத்துக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? கொழும்பில் ஆள் இல்லாத வீடு அந்த ஊரில் உண்டா? ஜொஹராவின் சொந்தக் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், அங்கே ரத்தினக்கல் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

வேண்டாத சரக்கை வெட்டுவதற்குப் பதிலாக வந்த வழியே திருப்பி அனுப்பிவிடலாம் என்றும் சட்டம் ஓரிடத்தில் சொல்கிறது. மூட்டை கொழும்புக்குத் திரும்பிப் போக வேண்டும். அங்கே பிரித்து, பெட்டியில் வைத்து, புதுச் சரக்காகத் திரும்பி வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான். என்றாலும் மூக்கு எட்டிவிடும்.

இளங்குமரன் கேட்டுவிட்டுச் சிரித்தேவிட்டார். "அதே சட்டை. சாக்குல வந்தா கந்தல், பெட்டியில வந்தா சட்டையா?"

"சட்டம் துணியைப் பாத்துப் பயப்படல சார். மூட்டையைப் பாத்துத்தான் பயப்படுது. ஆள் பேர் எழுதி ஒவ்வொண்ணா பெட்டி போட்டு எவனும் சந்தையில கொட்டி விக்க மாட்டான். கட்டுப்படி ஆவாது. நீங்க பயப்படுத ஆளு இந்த வழியா வர முடியாது."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். சரியான பேச்சைச் சரி என்று ஒப்புக்கொள்ள அவருக்குத் தயக்கமில்லை. கையெழுத்துப் போட்டார், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். சட்டை உண்மையிலேயே நோயாளிகளிடம்தான் இருக்கிறதா என்று கிளாடிஸ் ஒரு மாதம் கழித்து நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

மூட்டை கப்பலேறியது. போவதில் சிக்கல் இல்லை, வருவதில்தான் வந்தது. மன்னார் வளைகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு, கொழும்பில் கப்பல் நங்கூரம் எடுக்கவில்லை. கிளாடிஸ் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சரக்குக்காக வானிலை அறிக்கை கேட்டாள். கேட்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சல்பட்டாள். ஜொஹரா தினமும் போன் செய்து, "மேடம், ஏதாவது தெரிஞ்சுதா?" என்பாள். "கடல் என் கைக்குள்ளயாம்மா இருக்கு?" என்பாள் கிளாடிஸ். போனை வைத்துவிட்டு மறுபடி அறிக்கையைப் பார்ப்பாள்.

மாடத்திக்கு இருந்த மூன்று வாரத்தில் கடைசி வாரத்தின் தொடக்கத்தில் கப்பல் வந்தது. சரக்கைத் திறந்த கிளாடிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். முப்பது சட்டைக்குப் பதினைந்து பெட்டி. காக்கா ஒரு பெட்டிக்கு இரண்டு சட்டை வைத்திருந்தார். பெட்டி என்ன விலை விற்கிறது என்று தங்கச்சியிடம் போனில் நியாயம் வேறு கேட்டாராம்.

"உங்க குடும்பத்துலயே யாரும் ஒரு பெட்டியைக் கூடுதலா வாங்க மாட்டீங்களா?" என்றாள் கிளாடிஸ். ஜொஹரா நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு சட்டை ஒரு பெட்டியில் இருந்தால் அது மொத்தமா, தனித்தனியா? கிளாடிஸால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. முதல் பெட்டியைக் கணக்குப்பிள்ளையின் வயிற்றுக்குள் தள்ளினாள். வழக்கமாகக் கண்ணிமைப்பதற்குள் பதில் சொல்கிற இயந்திரம் அன்றைக்கு முனகிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற இளங்குமரன்கூட மூச்சை அடக்கிக்கொண்டார். கடைசியில் எழுத்து வந்தது: நெய்த பருத்தி, உடுத்தியது, மூட்டை இல்லை, ஆண்கள் சட்டை. அதன் கீழே வரி.

"ஆண்கள் சட்டையா? உடுத்தினவங்க எல்லாம் பொம்பளைங்கதானே?" என்றார் இளங்குமரன்.

"பொத்தான் போடும்போது இடது பக்கத் துணி வலது பக்கத்து மேல வந்து மூடுது சார். அப்படி மூடினா ஆம்பளச் சட்டை. உள்ள யாரு இருந்தாங்கன்னு சட்டத்துக்குக் கவலை இல்ல."

ஜொஹரா வரியைக் கட்டினாள். பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது கிளாடிஸின் கையை ஒரு முறை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள். கிளாடிஸுக்கு மனசு நிறைந்திருந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று உடனே அடுத்த சரக்குக்குப் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து, நிபந்தனைப்படி, காயல்பட்டினத்துக்குப் போனாள்.

நிலையத்தின் கூடத்தில் மாடத்தி இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். சேலைக்கு மேல் அந்த வெளுத்த நீலச் சட்டை. வலது கால் சரியாகப் போனது. இடது கால் ஒரு நொடி யோசித்தது. சட்டை இடுப்பருகே சுருங்கி விரிந்தது. கால் வந்து சேர்ந்தது. மூன்று அடிக்கு ஒரு முறை நின்றாள். ஆனால் நடந்தாள்.

"ஆம்பளச் சட்டை போட்டுருக்கேன்னு பாக்கீயளா?" என்று அவளே பேச்சை ஆரம்பித்தாள். "உப்பளத்துல நாங்க எல்லாவளும் சேலைக்கு மேல இதான் போடுவோம். வெயிலுக்கு. எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல."

கிளாடிஸ் சிரித்தாள். கையிலிருந்த கருவியில் ஒவ்வொரு கேள்வியாகப் பதில் பதிந்தாள். நோயாளியிடம் இருக்கிறதா, இருக்கிறது. பயன்பாட்டில் இருக்கிறதா, இருக்கிறது. பொருளில் குறை உண்டா? அந்தக் கேள்விக்கு ஜொஹரா தயங்கினாள்.

"மேடம், உங்ககிட்ட மறைக்கக் கூடாது. இந்த ஒரு சட்டையில மட்டும் ஒரு குறை இருக்கு. அக்கா சும்மா நிக்கும்போதுகூட, இடது இடுப்பு வெளிய தள்ளி நிக்குது. இடது கை தானா மடங்கி இடுப்புப் பக்கம் வந்துருது. மத்த சட்டையில இப்படி இல்ல. ஏன்னு யோசிச்சுப் பாத்தேன். அப்புறம்தான் புரிஞ்சுச்சு." குரலைத் தாழ்த்தினாள். "உடுத்துறவங்களுக்கு அந்த வருசம் முழுக்க ஒரு கட்டுப்பாடு உண்டு. இடுப்புல பாரம் சுமக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கக் கூடாது. தூக்கினா நடை கோணலா பதிஞ்சிரும்னு. இந்தச் சட்டையை உடுத்தினவ தூக்கியிருக்கா."

"கம்பெனிக்குத் தெரியுமா?"

"தெரியாது. குறைன்னு நீங்க எழுதினா அங்க ஒரு காப்பி போவும். நமக்கு வேற சட்டை இலவசமா வரும். ஆனா அவளுக்குக் கொடுத்த அந்த வருசக் கூலியைத் திரும்ப வாங்கிருவாங்க. இனிமே வேலையும் கிடையாது."

கிளாடிஸ் தன் பணிக்காலத்தில் கண்ட பொருளை இல்லை என்றோ காணாத பொருளை உண்டு என்றோ எழுதியதில்லை. இப்போது விரல் எழுத்தின் மேலே நின்றது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, பெயர்கூடத் தெரியாதவள். அவளுக்காக மாடத்தி ஒரு கோணல் சட்டையோடு இருக்க வேண்டுமா? அதைத் தீர்மானிக்க நான் யார் என்று நினைத்தவள், மாடத்தியிடமே திரும்பினாள்.

"மாடத்தி, வேற நல்ல சட்டை வாங்கித் தரலாம்ங்காங்க. குறைன்னு நான் எழுதணும். எழுதட்டா?"

"எது குறைங்கீய?"

ஜொஹரா இடுப்பைக் காட்டினாள். மாடத்தி கூடத்து மூலையில் நாத்தனாரின் மடியில் இருந்த மகளைப் பார்த்து, "இசக்கி, ஏட்டி, இங்க வா" என்றாள். குழந்தை தத்தித் தத்தி வந்து காலைக் கட்டிக்கொண்டது. மாடத்தி வலது கையால் அவளை வாரித் தூக்கினாள். ஆறு மாதமாகச் செத்துக் கிடந்த இடது கை அந்த நேரத்துக்கு மடங்கி வந்தது, இடுப்பு வெளியே தள்ளி ஓர் இருக்கை போட்டுக் கொடுத்தது, குழந்தை அதில் பொருந்தி உட்கார்ந்தது. விழவில்லை. சட்டை இறுகிப் பிடித்துக்கொண்டது.

ஜொஹரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். கிளாடிஸ் அழவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

துடைத்துப் போட்டுக்கொண்டு, கேள்வியை இன்னொரு முறை படித்தாள். பொருளில் குறை உண்டா? இல்லை என்று பதிந்தாள். பொய் எழுதியதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

மாடத்தி குழந்தையை இடுப்பில் வைத்தபடி, தன் இடது கை நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இன்னும் கொஞ்சம் கீழே, இசக்கியைவிடச் சின்ன ஒரு பிள்ளையைத் தாங்குகிற மாதிரி இருந்தது.

"இதை உடுத்தினவ பிள்ள ரொம்பச் சின்னது மேடம்" என்றாள். "இப்ப நடந்திருக்கும்லா?"

"நடந்திருக்கும்" என்றாள் கிளாடிஸ்.